கல்லாய் இறுகிய ஈரலில் தண்ணீர் எப்படி ஊறும்?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாதிய மாணவி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பாவுக்கு வயிறு பானை மாதிரி ஊதி, ஊசி வைத்து மூன்று லீற்றர் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். "இது ஈரலால் கசிகிற தண்ணீர்" என்று வார்ட்டில் சொன்னார்களாம். ஆனால் ஸ்கான் அறிக்கையில் ஈரல் சுருங்கி இறுகிவிட்டது என்று இருக்கிறது. இறுகிச் சுருங்கின ஒன்றில் இருந்து இவ்வளவு தண்ணீர் எப்படி வரும்? ஈரலில் நிணநீர் எங்கே உண்டாகிறது, எந்த வழியால் வெளியே போகிறது? புத்தகத்தில் நிணநீர்த் தொகுதி ஓர் இடத்தில், ஈரல் இன்னோர் இடத்தில். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற இடத்தைக் காணவில்லை என்கிறார். கூடவே பரிசோதனைத் தாளில் இருந்த மூன்று இலக்கங்களையும் எழுதியிருக்கிறார்: இரத்தத்தில் அல்புமின் 2.4, எடுத்த தண்ணீரில் அல்புமின் 0.6, அந்தத் தண்ணீரின் மொத்தப் புரதம் 1.1. எல்லாம் டெசிலீற்றருக்குக் கிராம் கணக்கு.

மகள், அந்த மூன்று இலக்கங்களுக்குள்ளேதான் உங்கள் கேள்வியின் பதில் இருக்கிறது. ஆனால் அதை வாசிக்க முதல் ஈரலுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். நான் பல வருடம் தாதிய மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பித்தவன். சொந்த ஊர் மட்டக்களப்பின் படுவான்கரை, வயல்காரக் குடும்பம். ஆகவே உதாரணங்கள் வயலுக்கும் வாவிக்கும் ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரலின் வாசலில் என்னென்ன குழாய்கள் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் மூன்றைச் சொல்லுவார்கள்: ஈரல் வாயி நாளம், ஈரல் நாடி, பித்தக்கான். நான்காவதாக நிணநீர்க் குழாய்களும் அதே வாசலால்தான் போகின்றன. சுவர் மெல்லியது, உள்ளே ஓடுவது வெளிறிய மஞ்சள் நீர். ஆகவே வெட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது, படத்திலும் பாதிப் பேர் கீறுவதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வளர்ந்த ஆளின் உடம்பில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லீற்றர் நிணநீர் உண்டாகிறது. அதில் கால்வாசி முதல் அரைவாசி வரை ஈரலில் இருந்து மட்டும் வருகிறது. ஈரலின் நிறையோ ஒன்றரைக் கிலோ, உடம்பில் நாற்பதில், ஐம்பதில் ஒரு பங்குதான்.

ஏன் இவ்வளவு? ஒரு காரணம், ஈரலுக்குள் போகிற இரத்தத்தின் அளவு. நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவில் போகிறது, இருதயம் வெளியே தள்ளுவதில் நாலில் ஒரு பங்கு. அதில் முக்கால்வாசி குடலில் இருந்தும் மண்ணீரலில் இருந்தும் வாயி நாளத்தால் வருகிறது, மிச்சம் ஈரல் நாடியால். ஆனால் இது சின்னக் காரணம். சிறுநீரகத்துக்கும் நிறைய இரத்தம் போகிறதுதானே, அங்கே இவ்வளவு நிணநீர் இல்லை. பெரிய காரணம் குழாய்ச் சுவரில் இருக்கிறது.

தசையில் ஓடுகிற ஒரு மயிர்க்குழாயை நல்ல களிமண் வரம்பு என்று நினையுங்கள். தண்ணீர் கொஞ்சம் ஊறும், உப்பும் சீனியும் அதோடு போகும். ஆனால் புரதம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். உள்ளே நிற்கிற புரதம், முக்கியமாக அல்புமின், தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். இருதயத்தின் அமுக்கம் வெளியே தள்ள, புரதத்தின் இழுவை உள்ளே பிடிக்க, இந்த இழுபறியில் மிஞ்சுகிற சிறு கசிவுதான் மற்ற இடங்களில் நிணநீர் ஆகிறது.

ஈரலுக்குள் இருக்கிற மயிர்க்குழாய்க்கு நம் பாடப்புத்தகம் குடாப்போலி என்று பெயர் வைத்திருக்கிறது. விசித்திரமான சொல்தான், ஆனால் பழகினால் பிடித்துப்போகும். இந்தக் குடாப்போலியின் சுவர் வரம்பு மாதிரி இல்லை. நெடுக வக்கடை, அதாவது தண்ணீர் இறங்குகிற வாய், வெட்டிவிட்ட வரம்பு. சுவர்க் கலங்களில் 100 முதல் 150 நனோமீற்றர் அளவான துளைகள் கூட்டம் கூட்டமாக, அரிதட்டுப் போல இருக்கின்றன. 1970 இல் வீஸ் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவற்றைத் தெளிவாகக் காட்டினார். மற்ற மயிர்க்குழாய்களுக்கு வெளியே ஒரு அடித்தள மென்சவ்வு இருக்கும். இங்கே அதுவும் ஒழுங்காக இல்லை. ஒரு சிவப்பு அணு 7 மைக்கிரோமீற்றருக்கு மேல், அதனால் அது வெளியே வராது. அல்புமினோ சில நனோமீற்றர்தான். அந்தத் துளையால் அது போவது, பெரிய மதகால் நெத்தலி போவது மாதிரி.

ஏன் இப்படி ஒரு சுவர்? ஈரலின் வேலையே அதைக் கேட்கிறது. அல்புமினைச் செய்வது ஈரல் கலம். ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் செய்து இரத்தத்துக்குள் விட வேண்டும். இறுக்கமான சுவர் இருந்தால் செய்த சாமான் கடை வாசலைத் தாண்டாது. இரத்தத்தில் அல்புமினின் முதுகில் ஏறி வருகிற பிலிருபின் என்ற மஞ்சள் கழிவுப் பொருளை இறக்கி எடுக்கவும் அந்தக் கலம் இரத்தத் திரவத்தைத் தொட்டாக வேண்டும். அதனால் ஈரலில் வரம்பு திறந்தே கிடக்கிறது. அதற்குக் கொடுக்கிற விலை ஒன்று இருக்கிறது. புரதம் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. அமுக்கம் கொஞ்சம் கூடினால் கசிவு உடனே கூடும். தடுக்க ஒன்றுமில்லை.

இதை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எல்லாம் இதில் இருந்துதான் வரும். அம்மப்பாவின் வயிறு உட்பட.

சாதாரணமாக இது தாங்கக்கூடியதாக இருப்பது, அங்கே அமுக்கம் மிகக் குறைவு என்பதால். கையில் கட்டிப் பார்க்கிற இரத்த அமுக்கம் 120 என்றால், வாயி நாளத்தில் 5 முதல் 10 மில்லிமீற்றர் இரசம். வாயி நாளத்துக்கும் ஈரலை விட்டு வெளியேறுகிற நாளத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் வெறும் 1 முதல் 5. குளத்து வான் பாய்கிற வேகம் இல்லை, வயலுக்கு வயல் வக்கடையால் தண்ணீர் இறங்குகிற வேகம்.

சரி, வக்கடையால் இறங்கின தண்ணீர் எங்கே போகிறது? குடாப்போலியின் சுவருக்கும் ஈரல் கலத்துக்கும் இடையில் மயிரிழை அளவுகூட இல்லாத ஒரு இடைவெளி இருக்கிறது. யோசெப் டிசே என்ற ஜேர்மன் உடலமைப்பியலாளரின் பெயரால் அதை டிசே வெளி என்கிறோம். ஈரல் கலங்கள் தங்கள் நுண்சடைமுளைகளை நீட்டி இந்தத் திரவத்தில்தான் குளித்துக்கொண்டிருக்கின்றன. நிணநீரின் ஊற்றுக்கண் இதுதான். ஆனால் இங்கே ஒரு நிணநீர்க் குழாய்கூட இல்லை. மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடம் இது. ஈரலின் சின்னச் சின்ன அலகான சிறுசோணைக்குள், கலங்களின் வரிசைகளுக்கு நடுவே நிணநீர்க் குழாய்களைத் தேடினால் கிடைக்காது. வயலுக்கு நடுவில் வடிச்சல் வாய்க்கால் வெட்டுகிறோமா? ஓரத்தில்தானே வெட்டுகிறோம். அதுபோலத் திரவம் டிசே வெளியால் ஊர்ந்து சிறுசோணையின் ஓரத்துக்கு வருகிறது. அங்கே, வாயி நாளக் கிளையும் நாடிக் கிளையும் பித்தக்கானும் ஒன்றாகப் போகிற இழையப் பொட்டலத்தைச் சுற்றி இன்னொரு சிறு இடைவெளி இருக்கிறது. அது மோல் வெளி. அதைத் தாண்டிப் பொட்டலத்துக்குள் நுழைந்த பிறகுதான் முதலாவது நிணநீர் மயிர்க்குழாய் அதை வாங்கிக்கொள்கிறது. பித்தக்கான்களைச் சுற்றியுள்ள மயிர்க்குழாய் வலையில் இருந்தும் கொஞ்சம் சேரும். அது சிறு பங்குதான்.

இந்த நிணநீர் மயிர்க்குழாயின் ஆரம்பம் அழகான வேலைப்பாடு. ஒரு பக்கம் மூடின விரலுறை மாதிரி இருக்கும். சுவர்க் கலங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே திரவம் கூடினால் சுற்றியுள்ள நார்கள் அந்த ஓடுகளை இழுத்துத் திறக்கும், திரவம் உள்ளே போகும். உள்ளே அமுக்கம் கூடினால் ஓடு தானே மூடிக்கொள்ளும். கொஞ்சத் தூரம் போனால் குழாய்க்கு வால்வுகளும் மழமழப்பான தசையும் வந்துவிடும், அப்புறம் அது தானே சுருங்கிச் சுருங்கித் தள்ளும். மூச்சு எடுக்கும்போது வயிற்றின் அமுக்கமும் சேர்ந்து உதவும்.

திசையைக் கவனித்தீர்களா? இரத்தம் ஓரத்தில் இருந்து சிறுசோணையின் நடு நாளத்துக்குப் போகிறது. நிணநீரில் பெரும்பங்கு அதற்கு எதிராக, நடுவை விட்டு ஓரத்துக்கு வருகிறது. பித்தமும் அப்படித்தான். ஒரே சந்தில் ஒருவர் உள்ளே போக இருவர் வெளியே வருகிறார்கள்.

வகுப்பில் இதை விளங்கப்படுத்த நான் காத்தான்குடிச் சந்தையில் மாட்டீரல் வாங்கிப் போவேன். வாசலோடு சேர்த்து வெட்டித் தரச் சொன்னால் இறைச்சிக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், ஆனாலும் தருவார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், பிறகு கறியும் வைக்கலாம். முதலில் மேலே உள்ள மெல்லிய சவ்வை நகத்தால் கிளப்பி உரியுங்கள். ஈரல் கறி வைக்கிறவர்கள் வழக்கமாக உரித்து எறிகிற அந்தச் சவ்வுதான் கிளிசன் உறை. பிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கில மருத்துவர் 1654 இல் எழுதினது. வெங்காயத் தோலைவிடக் கொஞ்சம் உரமாக, ஊடே பார்க்கக்கூடியதாக இருக்கும். அதன் உட்பக்கத்திலும் நிணநீர்க் குழாய்களின் வலை ஒன்று இருக்கிறது. பிறகு ஈரலைக் குறுக்கே ஒரே வெட்டில் வெட்டுங்கள். வெட்டு முகத்தில் இரண்டு விதமான ஓட்டைகள் தெரியும். ஒருவிதம் வெறும் ஓட்டை, விளிம்பு தெரியாது, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அது ஈரல் நாளம், இரத்தம் வெளியேறுகிற வழி. மற்ற விதத்துக்கு வெள்ளையாக, விரலுக்குச் சவ்வுபோலத் தட்டுப்படுகிற ஒரு விளிம்பு இருக்கும். கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்கள், சிலவேளை பித்தத்தின் பச்சை. அந்த வெள்ளை விளிம்புக்குள்தான் நாம் சொல்லுகிற வடிச்சல் வாய்க்கால்கள் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கே இருக்கின்றன என்று கையால் தொடலாம்.

ஈரலின் நிணநீரில் 80 வீதமோ அதற்கு மேலோ இந்த வெள்ளை விளிம்பு வழியால் ஈரல் வாசலுக்கு இறங்குகிறது. அங்கே உள்ள நிணநீர்க் கணுக்கள், பிறகு ஈரல் நாடியை ஒட்டிப் போகிற கணுக்கள், பிறகு பெருநாடியின் முதல் வயிற்றுக் கிளையைச் சுற்றியுள்ள கணுக்கள். கடைசியில் முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளுக்கு முன்னால் இருக்கிற ஒரு பை. குடலில் இருந்து சாப்பாட்டுக்குப் பிறகு பால்போல் வெள்ளையாக வருகிற நிணநீரும், கால்களில் இருந்து வருவதும் ஈரலின் மஞ்சள் நீரோடு அங்கேதான் சந்திக்கும். அதில் இருந்து நெஞ்சறைக்கான் தொடங்குகிறது.

நம் ஆட்கள் தெருவோரச் சாக்கடையையும் கான் என்கிறோம், புத்தகம் எழுதினவர்கள் உடம்புக் குழாயையும் கான் என்றார்கள். "செருப்புக் கானுக்குள் விழுந்துட்டு" என்கிற அதே கான். எனக்கு இதில் ஒரு சந்தோசம். நெஞ்சறைக்கான் உண்மையிலேயே உடம்பின் வடிகான்தான். நீளம் 38 முதல் 45 சென்ரிமீற்றர், தடிப்பு ஒரு பெரிய வைக்கோல் அளவு. பெருநாடியோடு சேர்ந்து, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற பிரிமென்றகட்டைத் தாண்டி, நெஞ்சின் நடுவில் இடப்பக்கம் சாய்ந்து, கழுத்தடிக்கு ஏறி, கழுத்து நாளமும் காரையென்புக்குக் கீழான நாளமும் சேர்கிற மூலையில் இரத்தத்துக்குள் விழும். முகத்துவாரம் அதுதான்.

மிச்ச 20 வீதம் வேறு பாதைகளில் போகிறது. ஒரு பங்கு ஈரல் நாளங்களை ஒட்டி மேலே ஏறி, கீழ்ப் பெருநாளத்தோடு பிரிமென்றகட்டுக்குள் புகுந்து நெஞ்சுக்குள் உள்ள கணுக்களுக்குப் போகும். கிளிசன் உறைக்குக் கீழே உள்ள வலையில், ஈரலின் மேற்புறத்தது ஈரலைத் தாங்குகிற சவ்வுப் பட்டிகள் வழியாகப் பிரிமென்றகட்டைத் தாண்டி மார்பென்புக்குப் பின்னால் உள்ள கணுக்களைச் சேரும். கீழ்ப்புறத்தது பெரும்பாலும் வாசலுக்கே வரும். ஈரலில் ஒரு நோய் என்றால் வயிற்றுக் கணுக்களை மட்டும் பார்க்காமல் நெஞ்சுக் கணுக்களையும் ஸ்கானில் தேடுவது இதனால்தான்.

இதற்குள் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1622 இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி, தீன் தின்ற நாய் ஒன்றின் வயிற்றைத் திறந்தபோது குடலில் இருந்து வெள்ளை நூல்கள் போவதைக் கண்டார். குத்தினால் பால் வந்தது. இவை ஈரலுக்குத்தான் போகின்றன என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உணவின் சாறு ஈரலுக்குப் போய் அங்கே இரத்தமாகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் கலன் சொன்னதை ஆயிரத்து நானூறு வருடம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1651 இல் ஜோன் பெக்கே அந்தப் பால் ஈரலுக்குப் போகவில்லை, நெஞ்சறைக்கானால் கழுத்தடிக்குப் போகிறது என்று காட்டினார். அடுத்த ஓரிரு வருடத்தில் சுவீடனில் ருட்பெக்கும் டென்மார்க்கில் பார்த்தொலினும் தனித்தனியே ஈரலின் நிணநீர்க் குழாய்களைக் கண்டார்கள். அவற்றைக் கட்டிப் பார்த்தால் ஈரல் பக்கம் வீங்குகிறது. அதாவது ஓட்டம் ஈரலுக்கு அல்ல, ஈரலில் இருந்து வெளியே. ஈரல் இரத்தம் செய்யும் அரசன் என்ற பதவி அத்தோடு போயிற்று. பார்த்தொலின் ஈரலுக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதி வைத்தார். அவசரப்பட்டுவிட்டார் என்பதுதான் என் அபிப்பிராயம். ஈரல் பிறகு வேறு நூறு வேலைகளோடு எழுந்து வந்தது.

இப்போது அம்மப்பாவிடம் வருவோம்.

மாரி காலத்தில் படுவான்கரையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே மழை, குளங்கள் வான் பாய்கின்றன, வாவி நிரம்புகிறது. முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாது. வாவி உயரும், வாய்க்கால்கள் பின்னுக்குத் தள்ளும், கடைசியில் கடலைக் காணாத மண்டூர்ப் பக்கத்து வயலில் வரம்பு தெரியாமல் தண்ணீர் நிற்கும். வயலில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து "இந்த வயல் ஏன் இவ்வளவு தண்ணீர் ஊறுது?" என்று யாரும் கேட்பதில்லை. போக இடமில்லாததால் நிற்கிறது.

ஈரல் தழும்பேறி இறுகுகிற நோயான சிரோசிசில் அதுதான். ஈரலுக்குள் தழும்பு நார்கள் படர்ந்து, கலங்கள் முடிச்சு முடிச்சாக மீண்டும் வளர்கின்றன. இந்த முடிச்சுகள் இரத்தம் வெளியேறும் சிறு நாளங்களை நெரிக்கின்றன. உள்ளே வருகிற இரத்தம் குறையவில்லை, நாளடைவில் கூடவும் செய்கிறது, ஏனென்றால் குடலின் நாடிகள் விரிந்துவிடுகின்றன. வாசல் திறந்திருக்க, பின்கதவு ஒடுங்குகிறது. குடாப்போலிக்குள் அமுக்கம் ஏறுகிறது. நான் முன்பு சொன்ன அமுக்க வித்தியாசம் 5 ஐத் தாண்டி 10 க்கு வந்துவிட்டால் அதன் பிறகு வயிற்றில் நீர் கட்டுவது, உணவுக்குழாய் நாளங்கள் புடைப்பது எல்லாம் தொடங்கும். வரம்பில் வக்கடை நெடுக இருக்கிற இடத்தில் தண்ணீர் மட்டம் ஏறினால் என்னவாகும்? ஆகவே இறுகின ஈரலில் இருந்து ஏன் தண்ணீர் வருகிறது என்றால், அது இறுகினதால்தான் வருகிறது. ஈரல் தண்ணீரைச் செய்யவில்லை. ஊடே போக முடியாத இரத்தத்தின் திரவம் பக்கத்தால் பிதுங்குகிறது.

எவ்வளவு? 1960 இல் டுமொன்ட், மல்ஹொலண்ட் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிரோசிஸ் நோயாளிகளின் கழுத்தில் நெஞ்சறைக்கானுக்குள் குழாய் வைத்து அளந்து, ஓட்டம் வழமையைவிடப் பல மடங்கு என்று காட்டினார்கள். மோசமான நிலையில் ஈரல் நிணநீர் ஒரு நாளைக்கு 20 லீற்றரை நெருங்கும் என்று நோயியல் பாடநூல்கள் சொல்கின்றன. நெஞ்சறைக்கானும் தன்னால் இயன்ற அளவுக்கு வீங்கி விரிந்து கொடுக்கும். ஆனால் அது ஒரு வைக்கோல் அளவான கான். ஏலாத கட்டத்தில் திரவம் ஈரலின் மேற்பரப்பாலேயே, கிளிசன் உறையால் பொசிந்து வயிற்றுக் குழிக்குள் சொட்டத் தொடங்கும். உடற்றொழிலியலில் இதை ஈரல் வியர்க்கிறது என்று சொல்லுவோம். சித்த வைத்தியர்கள் மகோதரம் என்று பெயர் வைத்தது இந்த வயிற்றைத்தான்.

வயிற்றுக் குழிக்கும் ஒரு வடிகால் இருக்கிறது. பிரிமென்றகட்டின் கீழ்ப்பக்கத்தில் நுண்ணிய வாய்கள் உண்டு. 1863 இல் ரெக்லிங்ஹவுசன் முயலின் பிரிமென்றகட்டில் ஒரு துளி பாலை விட்டு, கொழுப்புத் துணிக்கைகள் சுழன்று அந்த வாய்களுக்குள் மறைவதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஆனால் அந்த வழியால் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடியது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. வருமதி அதைத் தாண்டினால் வயிறு நிரம்பும். அவ்வளவுதான் கணக்கு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாதிக் கதை. வயிற்றுத் தண்ணீர் முழுவதும் ஈரல் நிணநீர் அல்ல. குடலின் மேற்பரப்பாலும் கசியும். அதைவிட முக்கியம், சிறுநீரகம். குடல் நாடிகள் விரிந்ததால் இரத்தம் குறைந்துவிட்டது என்று உடம்பு தப்பாக விளங்கிக்கொண்டு, சிறுநீரகத்திடம் உப்பைப் பிடித்து வை என்கிறது. உப்போடு தண்ணீரும் நிற்கும். இது மேலே தொடர்ந்து பெய்கிற மழை. வயிற்றில் ஊசி வைத்துத் தண்ணீரை எடுப்பது வயலை இறைப்பது போல. மழை நிற்காவிட்டால் திரும்ப நிரம்பும். அதனால்தான் அம்மப்பாவுக்கு, சிறுநீரோடு உப்பை வெளியேற்றுகிற ஸ்பைரோனோலக்டோன் போன்ற மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும். எல்லா உப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது. நம் வீடுகளில் கறிக்கு உப்புக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் பொரித்த கருவாடும் ஊறுகாயும் வைப்பார்கள். அதைப் பாருங்கள். தண்ணீர் குடிக்காதே என்று தடுப்பது வேறு விஷயம். இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தால் மட்டும் டொக்டர் அதைச் சொல்லுவார், வீட்டில் நாமாக முடிவெடுக்கக் கூடாது.

இடையில் எழுதியிருந்தீர்கள், "அம்மப்பா வாழ்நாளில் குடித்ததே இல்லை, ஆனால் ஊர் வேறு மாதிரிக் கதைக்குது" என்று. ஊர் கதைக்கட்டும். நீண்டநாள் நீரிழிவும் கொழுப்பேறின ஈரலும் எத்தனையோ பேருக்கு ஒரு துளி சாராயம் படாமலே சிரோசிசைக் கொடுக்கின்றன.

இனி இலக்கங்கள். இரத்த அல்புமின் 2.4 இல் இருந்து தண்ணீர் அல்புமின் 0.6 ஐக் கழியுங்கள்: 1.8. இந்த வித்தியாசம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் தண்ணீர் வருவது வாயி நாள அமுக்கத்தால். அதற்குக் கீழே என்றால் வயிற்றுச் சவ்வில் காசநோய், புற்றுநோய் போன்ற ஏதாவது என்று தேட வேண்டும். அம்மப்பாவுக்கு 1.8, ஆகவே போகிற வழி மறிபட்ட பிரச்சினைதான்.

ஆனால் இங்கே கவனமான மாணவிக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். ஈரல் நிணநீரில் புரதம் நிறைய என்று இவ்வளவு நேரமும் சொன்னேன். சுகமான ஈரலில் அது டெசிலீற்றருக்கு 6 கிராம் அளவில், இரத்தத் திரவத்தை அடுத்து நிற்கும். அப்படியென்றால் ஈரலால் கசிந்த தண்ணீரில் மொத்தப் புரதம் ஏன் வெறும் 1.1? வக்கடைகள் மூடிவிட்டன என்பதுதான் காரணம். டிசே வெளியில் விற்றமின் ஏயைச் சேமித்துக்கொண்டு சும்மா இருந்த நட்சத்திர வடிவக் கலங்கள், நாட்பட்ட நோயில் குணம் மாறி நார் நெய்யத் தொடங்குகின்றன. இடைவெளி நாரால் அடைபடுகிறது, சுவருக்குப் பின்னால் அடித்தள மென்சவ்வு வந்துவிடுகிறது, துளைகள் மறைகின்றன. குடாப்போலி சாதாரண மயிர்க்குழாயாகிவிடுகிறது. தண்ணீர் அமுக்கத்தால் இன்னும் பிதுங்கும், புரதம் உள்ளே நின்றுவிடும். செய்த அல்புமினை வெளியே விடுவதும், பிலிருபினை உள்ளே எடுப்பதும் அதோடு கஷ்டமாகும். இரத்தத்தில் அல்புமின் 2.4 க்கு இறங்கினதில் இதற்கும் பங்கு உண்டு.

இருதயம் பலவீனமான ஒருவருக்கும் இதே மாதிரி வயிறு ஊதும். அங்கே கடல் மட்டமே உயர்ந்துவிட்டது. கழுத்து நாளங்களில் அமுக்கம் ஏற, ஈரலுக்குள் இரத்தம் தேங்கும், நெஞ்சறைக்கானும் தன் வாயால் வடிய முடியாமல் திணறும். அல்புமினைக் கழித்துப் பார்த்தால் அவருக்கும் 1.1 க்கு மேல்தான் வரும். ஆனால் அவருடைய ஈரலில் வக்கடைகள் திறந்தே இருக்கின்றன. அதனால் மொத்தப் புரதம் 2.5 ஐத் தாண்டும். ஒரு கழித்தலும் ஒரு புரத அளவும், தண்ணீர் எந்த இடத்தில் மறிக்கப்பட்டது என்று சொல்லிவிடும். நான் படிப்பித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. (டெங்குவில் வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்கிற தண்ணீரை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே உடம்பு முழுவதும் குழாய்ச் சுவர்கள் சில நாட்களுக்கு ஒழுகுகின்றன, ஈரலில் மறிப்பு இல்லை.)

மொத்தப் புரதத்தின் அந்த 1.1 இல் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தண்ணீரில் புரதம் 1.5 க்குக் கீழே என்றால் கிருமியை எதிர்க்கிற புரதங்களும் அதில் குறைவு. குடலில் இருந்து ஒரு பக்றீரியா தப்பி அதற்குள் விழுந்தால் தடுக்க ஆளில்லை. அம்மப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வயிறு நோகிறது என்றாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறிக் கதைத்தாலோ, பகலில் நித்திரை தூங்கி இரவில் முழித்திருந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இந்தத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள், 1.1 என்ற இலக்கத்தைக் காட்டுங்கள்.